சில்லறைக் காசில் நடக்கும் வைத்தியம்: மலப்புரத்துத் தொழிலாளர்களும் தணிப்புச் சிகிச்சையும்

நீலகிரியின் கூடலூரில் பஸ் ஏறி நாடுகாணி வழியாக மலையிறங்கினால் வழிக்கடவு, அதைத் தாண்டினால் நிலம்பூர். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் நமக்கு அவ்வளவு பக்கம். அங்கே சந்தையில் மூட்டை தூக்குகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், தனியார் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவர், பள்ளிக்கூட ஆசிரியர், வீட்டைக் கவனிக்கும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, சாகும் நிலையில் இருக்கும் தங்கள் ஊர்க்காரர்களுக்குத் தணிப்புச் சிகிச்சை தர, அதாவது நோய் குணமாகாவிட்டாலும் வலியையும் துன்பத்தையும் குறைக்க, ஓர் அமைப்பைக் கட்டி எழுப்பினார்கள். அதற்கான பணத்தையும் அவர்களே திரட்டினார்கள். டாக்டரையும் நர்ஸையும் அவர்களே சம்பளத்துக்கு வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம்வரை பேசப்பட்ட இந்தக் கதை மலைக்கு இந்தப் பக்கம் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

"வீட்டுக்கு அழைத்துப் போங்கள்"

"இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்ற வாக்கியத்தைக் கேட்காத குடும்பம் நம் ஊர்களில் குறைவு. அது காதில் விழும்போது நிலம் போயிருக்கும், நகை அடகுக் கடையில் இருக்கும், நோயாளியோ வலியில் துடித்துக்கொண்டிருப்பார். செய்ய ஒன்றும் இல்லை என்பது மருத்துவ ரீதியிலும் உண்மையில்லை. குணப்படுத்த வழியில்லை என்பது வேறு, வலியை நிறுத்த வழியில்லை என்பது வேறு. வாயால் விழுங்கும் மார்ஃபின் மாத்திரை முற்றிய புற்றுநோயின் வலியைப் பெருமளவு அடக்கும். அதன் விலையும் சில ரூபாய்தான்.

ஆனால் அந்த மாத்திரை கைக்குக் கிடைக்கவில்லை. மார்ஃபின் எடுக்கப்படும் அபினிப் பயிரை உலகில் சட்டப்படி விளைவிக்கும் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் பெற்ற விவசாயிகள் அதைப் பயிரிடுகிறார்கள். அப்படியிருந்தும் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் பல உரிமங்களைக் கேட்டதால் மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினைக் கைகழுவின. அதைக் கையால் தொட்டே பார்க்காமல் ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்து முடித்தார்கள். இந்த உரிமச் சிக்கலைத் தளர்த்தச் சட்டம் திருத்தப்பட்டது 2014இல்தான். இடைப்பட்ட ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் எத்தனை வீடுகளின் பின்கட்டில் எத்தனை பேர் அலறி அடங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

இந்தச் சூழலில்தான் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஒரு சிறு புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. மயக்கவியல் பேராசிரியர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் கே. சுரேஷ் குமாரும் சில நண்பர்களும் சேர்ந்து வலி மற்றும் தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தை அமைத்தார்கள். வலி குறைந்தது, கூட்டம் பெருகியது, பிற மாவட்டங்களில் கிளைகளும் வந்தன.

கூடவே ஒரு கசப்பான உண்மையும் தெரியவந்தது. வலி தாங்க முடியாத நோயாளிதான் மூன்று பஸ் மாறி வர வேண்டியிருந்தது. எழுந்து உட்கார முடியாதவர் வரவே முடியவில்லை. மாத்திரை வாங்கிக்கொண்டு போனவர்களில் பலரின் வீட்டில் அரிசி இல்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தார்கள். நோயாளி படும் துன்பத்தில் மருத்துவர் கை எட்டும் பங்கு கொஞ்சம்தான். மீதியை யார் பார்ப்பது?

ஊர் கையில் எடுத்தது

1999க்கும் 2001க்கும் இடையில் மலப்புரத்தை மையமாகக்கொண்டு இதற்கு ஒரு விடை உருவானது. அக்கம்பக்கத் தணிப்புச் சிகிச்சை வலையமைப்பு என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஊர் மக்கள் எல்லாரும் 'பாலியேட்டிவ்' என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். "பாலியேட்டிவ்காரர்கள் வந்திருக்கிறார்கள்" என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

விதி எளிது. வாரத்துக்குக் குறைந்தது 2 மணி நேரம் ஒதுக்க முடிகிற எவரும் வரலாம். அவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும், மேற்பார்வையில் 4 நாள் நேரடிப் பயிற்சியும் உண்டு. பயிற்சி பெற்ற பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் தங்கள் ஊரில் குழு தொடங்கலாம். தங்கள் பகுதியில் நெடுநாள் படுக்கையில் இருப்பவர்களை அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். போகப் போக, கைக்காசும் வெளிக்காசும் திரட்டி, நர்ஸையும் டாக்டரையும் வேலைக்கு அமர்த்துவார்கள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது கடைசி வரிதான். பொதுவாக மருத்துவமனை நடத்தும், தொண்டர்கள் போய் உதவுவார்கள். சக்கர நாற்காலி தள்ளுவார்கள், பழம் கொடுப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். இங்கே அந்த வரிசை தலைகீழாகியிருக்கிறது. குழு ஊருடையது. டாக்டர் அந்தக் குழுவின் ஊழியர். எந்த வீட்டுக்கு எப்போது போவது, எந்தக் குடும்பத்துக்கு அரிசி தருவது, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு செய்வது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் கூட்டத்தில் ஆட்டோ ஓட்டுநர் தலைமை வகிக்கலாம். எந்த மாத்திரை, எத்தனை வேளை என்பது மட்டும் மருத்துவரின் முடிவு.

மருத்துவர்களில் சிலருக்கு இது கசந்தது. படிக்காதவர்கள் நோயாளியிடம் என்ன பேசுவார்கள், ஏதாவது தவறு நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அதற்காகத்தான் பயிற்சி. அந்த வகுப்புகளின் பெரும்பகுதி எப்படிக் கேட்பது என்பதைப் பற்றியது. "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லக் கூடாது என்பதைத் தொண்டர்கள் முதலில் கற்கிறார்கள். அது பொய் என்று நோயாளிக்குத் தெரியும். அதைச் சொன்ன கணத்தில் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். நம் வீடுகளில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் சொல்வது அதே வாக்கியத்தைத்தான்.

ஒரு வீட்டுக்குள்

வீட்டுக்குப் போகும் குழுவில் ஒரு நர்ஸ், ஒன்றிரண்டு தொண்டர்கள், சில நாள்களில் டாக்டர். கூடவே ஒரு பை. அந்தப் பையைக் கொட்டிப் பார்த்தால் இந்த வேலை என்னவென்று விளங்கும். கையுறைகள், பஞ்சு, வெட்டி மடித்த காஸ் துணி, உப்புநீர்ப் புட்டி, சிறுநீர்க் குழாயும் பையும், மார்ஃபின் மாத்திரை, அதோடு தவறாமல் மலமிளக்கி. மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் ஒன்றை எழுதினால் மற்றதையும் எழுதியாக வேண்டும். இதை மறக்கிற டாக்டருக்கு இந்த வேலை தெரியாது என்று அர்த்தம்.

மெட்ரோனிடசோல் மாத்திரையும் பையில் இருக்கும். வயிற்றுப்போக்குக்கு நாம் விழுங்குவதும் அதே மாத்திரைதான். வாய்ப் புற்றுநோயோ மார்பகப் புற்றுநோயோ முற்றித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தால் புண் அழுகும், நாற்றம் எடுக்கும். அந்த நாற்றம் வலியைவிடக் கொடியது. வாசல்வரை வந்த உறவுக்காரர் திரும்பிப் போவார். பேரப்பிள்ளை கிட்டே வராது. நோயாளி தானே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். உப்புநீரில் புண்ணைக் கழுவி, அந்த மாத்திரையைப் பொடித்து மேலே தூவிக் கட்டினால் சில நாள்களில் நாற்றம் பெருமளவு அடங்கும். புழு வைத்த புண் என்றால் டர்பன்டைனில் நனைத்த பஞ்சைப் புண்ணின் வாயருகில் பிடித்து, வெளியே வரும் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நர்ஸ் எடுக்கும்போது தட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது காலையில் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு வந்த ஒருவராக இருக்கலாம்.

அதற்குள் இன்னொரு தொண்டர் அடுக்களையில் உட்கார்ந்து மனைவியிடமோ மகளிடமோ பேசிக்கொண்டிருப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுப்பார். இரவில் தூங்குகிறீர்களா என்று கேட்பார். அடுப்பில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்வார். ரேஷன் அட்டை எந்த நிறம், கடைக்குப் பாக்கி எவ்வளவு, மூத்த பையன் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதெல்லாம் மருத்துவக் கோப்பில் வராத செய்திகள். அந்தத் தெருவில் தினமும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அவை முன்பே தெரியும். தெரியாவிட்டாலும் அவரிடம் சொல்ல அந்தப் பெண்ணுக்குக் கூச்சம் இருக்காது. நகரத்திலிருந்து காரில் வரும் சமூகப்பணியாளரால் ஓராண்டில் பெற முடியாத நம்பிக்கை இது.

பணம்

இந்த அமைப்பின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கணக்குப் புத்தகத்தைத்தான் காட்டுவேன்.

சுரேஷ் குமார் 2007இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் எழுதிய கட்டுரையின் கணக்குப்படி, வட கேரளத்தில் 68 குழுக்கள், 1.2 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பரப்பில் இயங்கின. எந்தச் சமயத்திலும் சுமார் 2,500 நோயாளிகள் இவர்களின் கவனிப்பில் இருந்தார்கள். பயிற்சி பெற்ற தொண்டர்கள் 4,000க்கும் மேல், டாக்டர்கள் 36 பேர், நர்ஸ்கள் 60 பேர். ஆண்டுக்குத் திரண்ட தொகை ஏறத்தாழ 4 கோடி ரூபாய். அதில் 90 சதவீதத்துக்கும் மேல் உள்ளூரிலேயே, சிறு நன்கொடையாக வந்தது. ஒவ்வொன்றும் 15 அமெரிக்க சென்ட்டுக்கும் குறைவு, அதாவது அன்றைய மதிப்பில் ஆறேழு ரூபாய்க்கு உள்ளே.

இந்த எண்களை வகுத்துப் பார்த்தேன். 4 கோடியை 1.2 கோடிப் பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு மூன்றே கால் ரூபாய் சொச்சம் வருகிறது. ஒரு குழுவுக்கு ஆண்டுக்கு 6 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, மாதம் 50,000 ரூபாய்க்குள். நோயாளிகளைவிடத் தொண்டர்கள் அதிகம். 4,000 பேர் வாரம் 2 மணி நேரம் என்றால் ஒரு நோயாளிக்கு வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஒரு மனிதரின் துணை. எந்தப் பெரிய மருத்துவமனையிலும் காசு கொடுத்து இதை வாங்க முடியாது.

மலப்புரத்துக்கு வளைகுடாப் பணம் வருகிறது, பத்துப் பணக்காரர்களிடம் கேட்டால் போதாதா என்று தோன்றலாம். பெரிய நன்கொடைகளை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் அமைப்பின் முதுகெலும்பு சில்லறைதான். மளிகைக் கடையில், டீக்கடையில், மருந்துக்கடையில் ஒரு சிறு உண்டியல் இருக்கும். மாதச் சந்தா உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வசூலிப்பார்கள். தனியார் பஸ் தொழிலாளர்களின் வழி தனியானது. ஒரு நாள் ஓட்டத்தை ஒரு நற்காரியத்துக்கு என்று அறிவித்துவிட்டு, கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பதிலாகக் கையில் வாளியோடு பஸ்ஸுக்குள் நடப்பார். பத்து ரூபாய்ப் பயணத்துக்கு ஐம்பதைப் போடுகிறவர்கள் இருப்பார்கள். டிரைவரும் கண்டக்டரும் அன்றைய கூலியையும் அதிலேயே போட்டுவிடுவது உண்டு. சிறுநீரக நோயாளிக்காகவும், வெள்ளம் வந்தபோதும், நிலச்சரிவு நேர்ந்தபோதும் கேரளத்தில் பஸ்கள் இப்படி ஓடியிருக்கின்றன.

இந்தச் சில்லறைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஒருவர் 50 லட்சம் கொடுத்தால் அமைப்பு அவருடையதாகிவிடும். வாசலில் அவர் தந்தையின் பெயர் எழுதப்படும், கூட்டத்தில் அவருக்கு முதல் நாற்காலி. லட்சம் பேர் ஐந்தைந்து ரூபாய் கொடுத்தால் யாருடைய பெயரையும் எழுத முடியாது. கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் "நேற்று அந்த வீட்டுக்கு ஏன் போகவில்லை?" என்று கேட்கும் உரிமை உண்டு. டீக்கடையில் உட்கார்ந்து அதைக் கேட்கவும் செய்வார்கள்.

தொழிலாளர்கள் இதில் முன்னே நின்றதற்கு அவர்களின் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கேரளத்தில் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் உண்டு. சங்கம், சந்தா, ரசீது, மாதக் கூட்டம், கணக்கு வாசிப்பு என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாடம். 1991இல் முழு எழுத்தறிவு அறிவிக்கப்படும்வரை ஊர் ஊராகத் தொண்டர்கள் நடந்தார்கள். 1996இல், உள்ளூர் வளர்ச்சிப் பணிகளை ஊர் மக்களே தீர்மானிக்கும் மக்கள் திட்டம் வந்து பஞ்சாயத்துக் கூட்டத்தில் பணம் பற்றிப் பேசும் பழக்கத்தை ஊட்டியது. மண் ஏற்கெனவே பதமாக இருந்தது. வேறிடத்தில் இதைப் படியெடுக்க நினைப்பவர்கள் இந்தப் பதத்தைக் கணக்கில் எடுக்காமல் உண்டியலை மட்டும் கொண்டுபோனால் அது நிரம்பாது.

அரசு வந்த பிறகு

2008இல் கேரள அரசு தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. ஊராட்சிகள் நர்ஸை நியமித்தன, வீட்டுச் சிகிச்சை ஆரம்பச் சுகாதார நிலையத்தோடு இணைந்தது, மாநிலம் முழுவதும் பரவியது. 2010இல் நாற்பது நாடுகளில் இறுதிக்காலப் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று எடுத்த சர்வதேச ஒப்பீட்டில் இந்தியா நாற்பதாவதாக, கடைசியில் நின்றது. அதே அறிக்கை கேரளத்தை விதிவிலக்காகக் காட்டியது. நாட்டின் மக்கள்தொகையில் 3 சதவீதம் மட்டுமே உள்ள அந்த மாநிலம் நாட்டின் தணிப்புச் சிகிச்சையில் மூன்றில் இரண்டு பங்கைத் தந்துகொண்டிருந்தது.

அரசு வந்ததை நான் வெற்றியாகவே பார்க்கிறேன். வாளி ஏந்துகிறவர் இல்லாத ஊரிலும் ஒருவர் வலியின்றிச் சாக வேண்டும் அல்லவா? ஆனால் இழப்பும் உண்டு. மாதம் இத்தனை வீடு என்று இலக்கு வந்தால், சிறுநீர்க் குழாய் மாற்றுவதும் கையெழுத்து வாங்குவதும் முன்னால் நிற்கும். அடுக்களையில் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஒரே நோயாளி அரசு நர்ஸ், ஊர்க் குழு என்று இரண்டு பட்டியல்களில் இருப்பதும், இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதும் நேரக்கூடிய ஆபத்து. அரசியல் கட்சிகளும் தங்கள் பெயரில் தணிப்புச் சிகிச்சைக் குழுக்கள் நடத்தத் தொடங்கின. போட்டி போட்டுக்கொண்டு நல்லது செய்வதில் தவறில்லை. ஆனால் நோயாளி எந்தக் கொடிக்காரர் என்று பார்க்காமல் எல்லாரும் வந்துபோன வாசல் அது. அது அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்னொரு சிக்கல் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே தெருவில் வாழும்போது, தருமம் என்ற வாடை எளிதில் வந்துவிடும். அரிசிப் பை கொடுப்பதைத் தெரு பார்க்கிறது. வாங்கிய வீட்டுப் பெண் ஊரில் அடுத்த கல்யாண வீட்டுக்குப் போகும்போது அது அவள் நினைவில் இருக்கும். நல்ல குழுக்கள் இதை உணர்ந்து, பொருளை இருட்டிய பின் கொண்டுபோய்க் கொடுக்கலாம், மளிகைக் கடையில் சொல்லிவைத்து அவர்களே போய் வாங்கவைக்கலாம். எந்தக் கையேடும் சொல்லித்தராத நாகரிகம் அது, ஊர்க்காரருக்கு மட்டுமே கைவரும்.

இந்த முறை புற்றுநோயோடு நிற்கவில்லை. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மூப்பால் படுக்கையானவர்கள் என்று பட்டியல் நீண்டது. 2008இல் கோழிக்கோட்டில் மனநோயாளிகளுக்காக, தொண்டர்களை மையமாக வைத்து ஒரு தனி அறக்கட்டளையும் இதே வழியில் தொடங்கியது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் படுக்கையில் இருப்பவர்களுக்கான வீட்டுச் சிகிச்சை உண்டு. நர்ஸ் வீடு தேடி வருகிறார். அந்த வகையில் மலைக்கு இந்தப் பக்கமும் பாதி வேலை ஆகியிருக்கிறது. அந்த நர்ஸ் வராத நாள்களில் அந்த வீட்டுக்கு யார் போவது என்பதை ஆட்டோ ஸ்டாண்டிலும், மார்க்கெட்டிலும், பஸ் பணிமனையிலும் உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம். திருவிழாவுக்குத் தெருத் தெருவாக வரி வசூலித்துப் பைசா பிசகாமல் கணக்கு ஒப்படைக்கத் தெரிந்த நமக்கு வசூல் புதிதில்லை.

நோயாளி இறந்த பிறகும் பாலியேட்டிவ்காரர்கள் அந்த வீட்டுக்குச் சில முறை போவார்கள். துக்கம் விசாரிப்பதும் வேலையில் சேர்த்திதான். மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரவல் கொடுத்த தண்ணீர்ப் படுக்கையைக் காலி செய்து, கழுவி, முற்றத்துக் கொடியில் காயப்போடுவார்கள். பெரும்பாலும் அந்த வீட்டுப் பையன்தான் அதைத் தூக்கிக்கொண்டு குழுவின் அறைவரை வருவான். அங்கே நின்று, அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்கிறவர்கள் பலர். தொண்டர்களில் கணிசமானவர்கள் அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான்.